பழங்காலத் துப்பாக்கிகளை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியுமா?

மைசூர் மன்னர் திப்பு சுல்தானுக்காக 1793-94இல் அசத் கான் முஹம்மது என்ற கைவினைஞர் செய்த வேட்டைத் துப்பாக்கியின் மதிப்பு 20 லட்சம் பவுண்டு. அதைப் பிரிட்டனிலிருந்து வெளியே கொண்டுசெல்ல, 2023இல் அந்நாட்டு அரசு தற்காலிகத் தடை விதித்தது. உள்நாட்டு அருங்காட்சியகங்கள் அதை வாங்க அவகாசம் தருவதே நோக்கம்.

ஒரு துப்பாக்கி பழையதாகிவிட்டால் சட்டச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஆயுதச் சட்டம் விட்டுவிட்டாலும் தொல்பொருள் சட்டம் பிடித்துக்கொள்ளும்.

நாட்டுக்கு நாடு வேறு அளவுகோல்

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, 1898 அல்லது அதற்கு முன் தயாரித்தவை பழங்காலத் துப்பாக்கிகள். பிரிட்டனின் 2021ஆம் ஆண்டு விதிகளோ 1939 செப்டம்பர் 1-க்கு முன் தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்கின்றன. தோட்டா வகைக்கும் நிபந்தனை உண்டு. அனுப்பும் நாட்டில் ஆயுதமல்லாத பொருள், சேரும் நாட்டில் ஆயுதமாகக் கருதப்படலாம்.

இந்தியாவில்

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, தொன்மை மதிப்புள்ள ஆயுதத்துக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் அது இருக்க வேண்டும். சுடக்கூடியது என்றால் உரிமம் அவசியம்.

100 ஆண்டுகளைக் கடந்த கலைப்பொருளை, 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி தனிநபர் ஏற்றுமதி செய்ய முடியாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. தாத்தா வைத்திருந்த துப்பாக்கி, குடும்பச் சொத்து என்ற காரணங்கள் செல்லாது. வயது குறித்து ஐயம் இருந்தால், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற வேண்டும்.

செலவுகள்

பல கூரியர் நிறுவனங்கள் துப்பாக்கியை ஏற்பதில்லை. எனவே உரிமம் பெற்ற முகவரை நாட வேண்டும். அவருக்கான கட்டணத்துடன் மரப்பெட்டி, காப்பீடு, நிபுணர் சான்று, விமானச் சரக்குக் கட்டணம், சுங்கக் கிடங்கு வாடகை ஆகியவையும் சேரும். 100 ஆண்டுக்கு மேற்பட்ட பொருளை இறக்குமதி செய்தால் பிரிட்டனில் 5 சதவீத வாட் வரியும் உண்டு. சாதாரணத் துப்பாக்கியாக இருந்தால், அதன் விலையைவிட அனுப்பும் செலவு கூடிவிடலாம்.

அனுப்பும் முன்

* பிடியில் தந்தம் பதித்திருந்தால் வனவுயிர்ச் சட்டங்களும் குறுக்கிடும்.
* குழலில் பழைய வெடிமருந்து இல்லை என்பதை நிபுணர் மூலம் உறுதிசெய்யுங்கள்.
* இரு நாட்டு அனுமதியும் எழுத்தில் கிடைக்கும்வரை பணம் கட்டாதீர்கள்.
* 'அலங்காரப் பொருள்' என்று எழுதி அனுப்பாதீர்கள். அது பொய்த் தகவல் தந்த குற்றமாகும்.