மேஜர் சரவணன் சாலை



திருச்சி கண்டோன்மெண்ட்டில் பழைய மாணவன் ஒருவன், "மேஜர் சரவணன் வெள்ளைக்காரன் பட்டாளத்துல இருந்தவரா சார்?" என்று கேட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அக்கம்பக்கத்தில் வில்லியம்ஸ் ரோடு, மெக்டொனால்ட்ஸ் ரோடு என்று இருந்தால் அப்படித்தான் தோன்றும். தவிர, அவன் பிறந்ததே கார்கில் போருக்குப் பிறகு.

சரவணன் ராமேஸ்வரத்தில் பிறந்தவர். பீகார் ரெஜிமெண்ட் அதிகாரி. 1999 மே 29 அன்று படாலிக் பகுதியில், எதிரி பிடித்து வைத்திருந்த மலைமுகட்டை நோக்கி வீரர்களோடு ஏறியபோது உயிர்நீத்தார். வயது 26. மேலேயிருந்து குண்டுமழை. உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வீர் சக்ரா கொடுத்தார்கள்.

சாலைப் பலகையில் பெயருக்குக் கீழே 'கார்கில், 1999' என்று எழுத எவ்வளவு பெயிண்ட் ஆகிவிடும்? மாநகராட்சியில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் பாருங்கள்.