கடைச் சோறா, வீட்டு உலையா? மன்னாரில் ஒரு செலவுக் கணக்கு

நண்பகல் 12 மணிக்கு மன்னார் நகரச் சாப்பாட்டுக் கடைகளுக்கு முன்னால் நிற்பவர்களைக் கவனித்தால், எல்லோரும் அலுவலகக்காரர் இல்லை என்பது தெரியும். இரண்டு சோற்றுப் பார்சல் வாங்கிக்கொண்டுபோய், வீட்டில் நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுக்கும் தாய்மாரும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். இதைச் 'சமைக்கப் பஞ்சி' என்று சொல்லிவிடுவது எளிது. அடுப்பின் கணக்கைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வராது.

முதலில் எத்தனை வாய் என்று பார்க்க வேண்டும். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்து அறை எடுத்துத் தங்கும் ஆசிரியர் ஒருவருக்கு அரைச் சுண்டு அரிசி போதும். ஆனால் சொதிக்கு உடைத்த தேங்காயில் பாதி மிஞ்சும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத அறையில், இந்த வெக்கைக்கு அது மறுநாள்வரை நில்லாது. கடைக்காரர் அதே செலவை நூறு பார்சலில் பரப்பிவிடுகிறார். ஆகவே தனி ஆளுக்குக் கடைச் சோறு பெரிய ஊதாரித்தனம் இல்லை. ஐந்து பேர் உள்ள வீட்டில் கணக்கு அப்படியே மாறும். ஒரே நெருப்பு, ஒரே தேங்காய், ஒரே சட்டி. அங்கே ஐந்து பார்சலின் விலைக்கு அந்த நாளின் மூன்று வேளையையும் சமாளிக்கலாம்.

சமையல் கணக்கில் பலர் அரிசியையும் மரக்கறியையும் எழுதுவார்கள், எரிபொருளை விட்டுவிடுவார்கள். 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் 2021 ஒக்டோபருக்கு முன் கொழும்பில் 1,493 ரூபா. 2022 ஏப்ரல் கடைசியில் 4,860 ரூபா. ஒரு சிலிண்டர் 50 நாள் வரும் வீட்டில், நாளொன்றுக்கு 30 ரூபாவாக இருந்த நெருப்புச் செலவு 97 ரூபா ஆனது. கொழும்பிலிருந்து மன்னாருக்கு ஏற்றிவரும் கூலி இதற்கு மேல். அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் பாய்ந்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். பலர் விறகுக்கும் பனை மட்டைக்கும் திரும்பினார்கள். விறகு காசில்லாமல் கிடைத்தாலும், பொறுக்கப்போன நேரம் யாருடையது என்ற கேள்வி இருக்கிறது.

கரையோரத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. பேசாலையிலோ வங்காலையிலோ கடலுக்குப் போகிறவர் வீட்டுக்குக் கறிமீன் வரும். கொஞ்சம் சூடையோ, விலைபோகாத சின்ன மீனோ வந்தால் போதும், அன்றைக்கு வீட்டுச் சமையலை எந்தக் கடையும் வெல்ல முடியாது. ஆனால் மண்ணெண்ணெய் விலை ஏறினால் அடுப்பு மட்டுமல்ல, படகு இயந்திரமும் அடிபடும். காற்று கடுமையாகிப் படகு இறங்காத நாளில் வருமானமும் இல்லை, கறியும் இல்லை. அந்த நாட்களில் கைகொடுப்பது பானையில் கிடக்கும் கருவாடுதான். வாடியில் தங்கித் தொழில் செய்பவர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள்: எல்லோருக்கும் ஒரு சட்டி, செலவு பங்குக்கு.

கணக்கில் சேராமல் போவது பெண்களின் நேரம். கணவனை இழந்தோ, காணாமலாக்கப்பட்டவரைத் தேடியலைந்தோ தனியாகக் குடும்பம் நடத்தும் ஒரு பெண், விடியற்காலையில் நண்டு துப்புரவாக்கும் வேலைக்குப் போக வேண்டுமானால், இடியப்பம் பிழிந்து சம்பல் இடிக்கும் இரண்டு மணித்தியாலமும் கூலிக்குச் சமம். அவர் காலைச் சாப்பாட்டைக் கடையில் வாங்குவது நட்டமில்லை. அதே இடியப்பத்தை இன்னொரு பெண் தன் வீட்டு விறகில் அவித்துக் கடைக்குக் கொடுத்திருப்பார். கடைச் சாப்பாடு மலிவாகத் தெரிவதற்கு, அந்த விறகுக்கும் உழைப்புக்கும் முழுவிலை கிடைக்காததும் ஒரு காரணம். இடியப்பம் விற்கும் சகோதரிகள் மாவின் விலையை மட்டும் வைத்து விலை சொல்வதை நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து.

பார்சல் என்ற சொல்லே பிடிக்காதவர்களும் இங்கே இருக்கிறார்கள். மாந்தை மேற்கிலிருந்து இடம்பெயர்ந்து, 2009இல் செட்டிகுளம் மெனிக்பாம் வரை போன குடும்பங்கள், தொடக்கத்தில் வரிசையில் நின்று சமைத்த உணவை வாங்கின. பிறகு பொதுச் சமையல், அதன் பிறகே உலர் உணவும் சொந்த அடுப்பும். அவர்களுக்கு மூன்று கல் வைத்துத் தாங்களே சோறு வடித்த நாளை எந்த விலையோடும் ஒப்பிட முடியாது.

நடைமுறையில் பல வீடுகள் நடுவழியில் போகின்றன. காலை இடியப்பம் கடையில், மதியச் சோறு வீட்டில், இரவுக்கு மிஞ்சியதோ பாணோ. கொத்துரொட்டி சம்பள நாளில். உங்கள் வீட்டுக்கு எது சரி என்று பார்க்க ஒரு கொப்பி போதும். புதுச் சிலிண்டர் மாட்டிய திகதியைச் சுவர்க் கலண்டரில் குறித்துவையுங்கள். அது முடியும் நாளில், விலையை நாட்களால் வகுத்து, அந்தத் தொகையை ஒவ்வொரு நாள் சமையற் செலவோடும் சேருங்கள். தேங்காயைத் தனி வரியில் எழுதுங்கள். 2024 கடைசியில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தொட்டபோது, பல வீடுகளில் முதலில் நின்றது சொதிதான்.