இரண்டு ஊழியர்

இலங்கையின் பதுளை மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில் ‘ஊழியர்’ என்றால் இரண்டு பேர். ஒருவர் கூடையோடு மலையேறிக் கொழுந்து பறிக்கும் பெண். அவர் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் பணம், 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, ‘ஊழியர் சேமலாப நிதி’க்குப் போகிறது. மற்றவர் ஞாயிற்றுக்கிழமை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஜெபம் நடத்த வருபவர். “ஊழியத்துக்கு வந்திருக்காரு” என்பார்கள். முதலாமவர் செய்வதை ஊழியம் என்று யாரும் மெச்சுவதில்லை. இரண்டாமவர் செய்வதை வேலை என்று சொன்னால் கோபம் வரும்.

சொல் பழையது. கன்னடத்தில் ‘ஊளிக’, தெலுங்கில் ‘ஊடிகமு’ என்று உடன்பிறப்புகள் உண்டு. விதியைக் குறிக்கும் ‘ஊழ்’ என்ற சொல்லோடு முடிச்சுப் போட ஆசை வரும், அடக்கிக்கொள்வது நல்லது. அகராதிகள் தரும் பொருள், தெய்வத்துக்கோ குருவுக்கோ மேலோருக்கோ செய்யக் கடமைப்பட்ட பணி என்பது. நடைமுறையில் அந்தக் கடமை முதுகில்தான் ஏறியது. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் அரசு வாங்கிய கூலியில்லா வேலைக்குப் பெயர் ஊழியம். ஒல்லாந்தர் ஆண்ட இலங்கைக் கரையோரத்தில் சோனகரும் செட்டிமாரும் வெளியார் என்ற கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். குடியிருக்கும் உரிமைக்கு ஈடாக அவர்கள் ஊழியம் செய்யவேண்டும். இல்லையேல் காசு கட்டி மீளவேண்டும். சிங்கள மன்னர் வழிவந்த ராஜகாரியம் என்ற கட்டாயச் சேவை 1832இல்தான் ஒழிந்தது.

இப்படி வியர்வை நாறிய சொல்லைத்தான் தமிழ் வேதாகமத்தைப் பெயர்த்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கிரேக்க மூலத்தில் இருப்பது பந்தியில் பரிமாறுவதையும் குறிக்கும் சொல். மாற்கு 10ஆம் அதிகாரத்தில் இயேசு, தாம் ஊழியம் வாங்க அல்ல, செய்யவே வந்ததாகச் சொல்கிறார். கட்டாய வேலைக்கு ஆள் பிடிக்கும் அதிகாரியைப் பார்த்திருந்த காதுகளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்! 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பு இதையே ‘தொண்டு’ என்று மாற்றியது. அழகான சொல், பெரியபுராணத்தின் மணமும் உண்டு. ஆனால் பழைய சொல்லின் உறுத்தல் போய்விட்டது என்பது என் குறை.

தோட்டங்களுக்கு இந்தச் சொல் உபதேசியாரோடு வந்தது. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்களை அழைத்துவந்தது. செலவில் பெரும்பங்கு தோட்டத் துரைமாருடையது. துரை அனுமதித்தால்தான் லயத்துக்குள் கால் வைக்கலாம். உபதேசியார்களின் பேச்சைக் கேட்டவர்களோ கங்காணியிடம் கடன்பட்டவர்கள். கடனை எழுதிய ‘துண்டு’ இல்லாமல் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாதவர்கள். அந்தத் துண்டு முறை 1921 வரை நீடித்தது. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் வரிசையில் நிற்பவருக்குக் கீழ்ப்படிதலைப் பற்றிப் பிரசங்கம் செய்ய என்ன இருக்கிறது? துரைக்கு அது இனித்திருக்கும். பதுளை நகரின் புனித மாற்கு ஆலயம்கூட, யானைகளைச் சுட்டுக் குவித்துப் பெயரெடுத்து, 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்த ஆங்கிலேய அதிகாரி மேஜர் ரோஜர்ஸின் நினைவாக எழுந்ததுதான்.

சொல்லுக்கு வேறு உயிர் வந்தது 1972இல். கத்தோலிக்கத் திருச்சபையின் கண்டி மறைமாவட்டத்திலிருந்து பதுளை தனியே பிரிந்தது. 1959 முதல் கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார, வசதியான அந்த இருக்கையை விட்டு, ஏழைப் புது மறைமாவட்டத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். மேலே ஏறுவதுதான் திருச்சபையிலும் வழக்கம், இவர் இறங்கினார். தோட்ட மக்களுக்கு அது பொல்லாத காலம்: பஞ்சம், பறிபோன குடியுரிமை, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு ரயிலேறும் குடும்பங்கள். பண்டாரவளையில் அவர் தொடங்கிய குருமாணவர் இல்லத்துக்கு ‘சேவக செவண’ என்று சிங்களப் பெயர். சேவகரின் நிழல் எனலாம். படிப்பு சுவருக்குள் முடியவில்லை, கிராமங்களிலும் தோட்டங்களிலும் மக்களோடு வாழ்வதும் பாடமே. ஊழியர் சேமலாப நிதிக்குச் சிங்களத்திலும் முதற்சொல் ‘சேவக’தான். அந்த மொழியிலும் கூலிக்கு உழைப்பவருக்கும் இறைப்பணிக்கு வருபவருக்கும் ஒரே பெயர். ஆயர் இதை எண்ணித்தான் வைத்தாரோ, தானாய் அமைந்ததோ, பெயர் பொருந்திவிட்டது.

அங்கே அவரோடு இருந்தவர் அமலமரித் தியாகிகள் சபைக் குரு மைக்கேல் ரொட்ரிகோ. இரண்டு முனைவர் பட்டங்கள் பெற்றவர், அம்பிட்டிய குருமடத்தில் பேராசிரியராக இருந்தவர். 1980இல் ஊவா மாகாணத்தின் இன்னொரு மூலையான புத்தலவுக்குப் போய், பௌத்த விவசாயிகள் நடுவே ‘சுப செத் கெதர’ என்ற சிறு வீட்டில் குடியேறினார். யாரையும் மதம் மாற்றப் போகவில்லை. கரும்புத் தோட்டத்துக்காக நிலம் இழந்தவர்கள் பக்கம் நின்றார். மிரட்டல் வந்தும் கிளம்பவில்லை. 1987 நவம்பர் 10ஆம் தேதி, அந்த வீட்டிலேயே, திருப்பலி முடியும் வேளையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவரைச் சுற்றி வாழ்ந்த கிராமத்தார் திருமுழுக்குப் பெறாதவர்கள். ஆள் கணக்குப் பார்த்து ஊழியத்தை அளக்கும் எந்த அறிக்கையிலும் அந்த 7 ஆண்டுகளுக்கு எதிரே சுழியம்தான் விழும்.