இந்தியாவில் முதலீட்டு வங்கியாளர் பணி: நுழைவும் பிந்தைய பாதைகளும்

முதலீட்டு வங்கியாளர் டெபாசிட் வாங்குவதில்லை. வீட்டுக் கடனும் கொடுப்பதில்லை. நிறுவனங்கள் பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டவும், இன்னொரு நிறுவனத்தை வாங்கவும் விற்கவும், தாங்க முடியாத கடனை மாற்றியமைக்கவும் உடனிருந்து நடத்திக்கொடுத்துக் கட்டணம் பெறுவதே அவர் தொழில். இந்தியச் சட்டத்தில் அவருக்கு இன்றும் ‘மெர்ச்சன்ட் பேங்கர்’ என்றுதான் பெயர். இந்தப் பணிக்கு வருவதைப் பற்றி மாணவர்களிடையே உலவும் பேச்சு பெரும்பாலும் நியூயார்க்கைப் பார்த்து எழுந்தது: பெயர்பெற்ற கல்லூரி, அமெரிக்க வங்கி, இரண்டாண்டு கடும் உழைப்பு, பிறகு பிரைவேட் ஈக்விட்டி. இந்தியாவைப் போன்ற வளரும் சந்தைக்கு அந்தக் கணக்கு சரிவராது. இங்கே ஒருவருக்குக் கடைசிவரை கைகொடுப்பவை இரண்டு: நிறுவனத்தைக் கையில் வைத்திருக்கும் குடும்பங்களின் நம்பிக்கையும், நாளுக்கு நாள் மாறும் விதிகளில் உள்ள தேர்ச்சியும். எக்செல் வேகம் அவற்றுக்கு அடுத்ததுதான்.

இந்தத் தொழில் வளர்ந்த விதமே இதற்குச் சான்று. 1947ஆம் ஆண்டின் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, ஒரு நிறுவனம் பங்கை என்ன விலைக்கு வெளியிடலாம் என்பதை டெல்லியில் ஓர் அரசு அலுவலகம் தீர்மானித்தது. விலையை அரசே சொல்லிவிடும்போது, விலை சொல்லும் வங்கியாளருக்குப் பெரிய வேலை ஏது? 1992இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி சட்ட அதிகாரம் பெற்றதும் அதே ஆண்டில்தான். அதன்பின் வந்த அமெரிக்க வங்கிகளில் முக்கியமான மூன்று உள்நாட்டாருடன் கைகோத்தன: கோல்ட்மேன் சாக்ஸ் கோட்டக்குடன், மெரில் லிஞ்ச் ஹேமேந்திர கோத்தாரியின் டிஎஸ்பியுடன், மார்கன் ஸ்டான்லி நிமேஷ் கம்பானியின் ஜேஎம்முடன். பணமும் உலகப் பெயரும் அவர்களிடம் இருந்தன. மும்பையிலும் அகமதாபாத்திலும் தொழிலதிபர் வீட்டு வாசலைத் திறக்கும் பழக்கம் உள்நாட்டாரிடம் இருந்தது. 2005 முதல் 2007க்குள் இந்தக் கூட்டுகள் பிரிந்தன, அல்லது ஒரு கைக்கு மாறின. ஆனால் உள்நாட்டு வங்கிகள் ஓரங்கட்டப்படவில்லை. 2024 அக்டோபரில் ஹூண்டாய் மோட்டார் இந்தியா சுமார் 27,870 கோடி ரூபாய் திரட்டியது. அதுவரை நாடு கண்ட மிகப் பெரிய புதுப்பங்கு வெளியீடு அது. தென்கொரியத் தாய் நிறுவனம் தன் ஸ்ரீபெரும்புதூர் ஆலைக் கம்பெனியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, சிட்டி, ஜேபி மார்கன் போன்ற பெயர்களோடு கோட்டக்கும் மேலாளர் வரிசையில் இருந்தது.

நுழைவாயில்கள் மூன்று. எல்லோருக்கும் தெரிந்தது அகமதாபாத், கல்கத்தா, பெங்களூர் ஐ.ஐ.எம்.களின் வளாகத் தேர்வு. முதலாண்டுக் கோடையில் இரண்டு மாதப் பயிற்சி, அதில் தேறினால் வேலை. அந்தப் பயிற்சிக்கான ஆள்தேர்வோ படிப்பு தொடங்கிய சில மாதங்களிலேயே நடந்துவிடுவதால், பள்ளி மதிப்பெண் முதல் எல்லாமே எடைபோடப்படுகின்றன. பிந்தி விழித்தவருக்கு அங்கே இடமில்லை. இரண்டாவது வாயில் சி.ஏ. வெளியுலகம் இதைக் குறைத்தே மதிக்கிறது, அது தவறு. ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் செய்தவர் தொழில் குடும்பங்களின் கணக்கை உள்ளிருந்து பார்த்தவர். மைத்துனர் கம்பெனிக்குப் போன கடன், குடும்பச் சொத்தில் இயங்கும் தொழிற்சாலை, தீராத வரி வழக்கு ஆகியவை எந்தக் குறிப்பில் ஒளிந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். பங்கு வெளியீட்டு வரைவு ஆவணத்தைச் செபியிடம் தாக்கல் செய்யும்போது, எல்லாவற்றையும் சரிபார்த்தோம் என்று முதன்மை மேலாளர் சான்றளிக்க வேண்டும். அந்தச் சான்றின் கனத்தைத் தாங்குவது இந்த அறிவுதான். நடுத்தர அளவு உள்நாட்டு ஆலோசனை நிறுவனத்தில் இப்படிச் சேர்பவர், சம்பளம் குறைவானாலும், பெரிய வங்கியில் பல ஆண்டு கழித்தே வாய்க்கும் முதலாளியுடனான நேர்ப்பேச்சைச் சீக்கிரமே பெறுகிறார். மூன்றாவதாக, கோல்ட்மேன் சாக்ஸ் 2004இல் பெங்களூரில் தொடங்கியது போன்ற பன்னாட்டு வங்கிகளின் சேவை மையங்கள் உண்டு. நல்ல பயிற்சிக்கூடங்கள்தான், ஆனால் வாடிக்கையாளர் முகம் தெரியாத இடம். மும்பைக்கு மாற விரும்புபவர் முதல் சில ஆண்டுகளுக்குள் மாறிவிடுவது நல்லது.

வெளிநாட்டு வங்கியின் சம்பளமும் உலக அளவிலான பெயரும் சின்ன விஷயமா என்று கேட்கலாம். இல்லை. ஆனால் இந்தச் சந்தையின் ஏற்றத்தாழ்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2008 ஜனவரியில் ரிலையன்ஸ் பவர் 11,500 கோடிக்கு மேல் திரட்டியது; பட்டியலிட்ட முதல் நாளிலேயே பங்கு, வெளியீட்டு விலைக்குக் கீழே போனது. செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் சரிந்தது. புதுப்பங்கு வெளியீடுகள் வற்றின. வளாகங்களில் லேமனைக் கனவாகக் கொண்டிருந்தவர்கள் ஒரே இரவில் வேறு வேலை தேடினார்கள். அப்படிப்பட்ட காலத்தில் தலைமையகம் முதலில் வெட்டுவது தொலைதூரக் கிளைகளைத்தான். வறட்சியிலும் வேலையிருப்பவர் விதி தெரிந்தவர். 2016இல் திவால் சட்டம் வந்தபின் வாராக் கடன் நிறுவனங்களை விற்கும் பணி தனித் தொழிலாகவே வளர்ந்தது. எஸ்ஸார் ஸ்டீல் 2019 டிசம்பரில் சுமார் 42,000 கோடிக்குக் கைமாறியது அந்த வழியில்தான்.

பிந்தைய பாதைகளிலும் அமெரிக்க வரைபடம் வழிகாட்டாது. அங்கே பிரைவேட் ஈக்விட்டி என்றால் பெரும்பாலும் கடன் வாங்கி முழு நிறுவனத்தையும் விழுங்குவது. இந்தியாவில் பங்குகளைக் கையகப்படுத்த வங்கிகள் கடன் தருவதை ரிசர்வ் வங்கி நெடுங்காலம் கடுமையாகக் கட்டுப்படுத்தியிருந்தது. அதனால் நிதிகள் பெரும்பாலும் சிறுபான்மைப் பங்கு வாங்கி, முதலாளி குடும்பத்தின் பக்கத்தில் அமர்ந்தன. அந்த இடத்துக்கு வேண்டியது கடன் கணக்கு மாடலைவிட மனிதரை எடைபோடும் கண். அதுபோலவே நிறுவனத்தின் நிதித் தலைமை அதிகாரியாகப் போவதும், சொந்தத் தொழில் தொடங்குவதும். ஃபால்குனி நாயர் ஆடிட் நிறுவனத்தில் தொடங்கி, கோட்டக் குழுமத்தில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் பணியாற்றி, முதலீட்டு வங்கியின் தலைமைப் பொறுப்பிலிருந்து 2012இல் விலகி அழகுப்பொருள் விற்பனை நிறுவனமான நைக்காவைத் தொடங்கினார். 2021 நவம்பரில் அது பங்குச் சந்தைக்கு வந்தது. அவர் முதலீடாக்கியது இரண்டாண்டு அனுபவத்தை அல்ல.

கடுமையான மறுப்பு ஒன்று மிஞ்சுகிறது. உறவும் நம்பிக்கையும்தான் சொத்து என்றால், அது மேட்டுக்குடி வட்டத்தில் பிறந்தவருக்கே தொழிலை எழுதிவைப்பதாகாதா? திருநெல்வேலியிலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு என்ன வழி? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. குடும்பப் பெயர் இங்கே கதவு திறப்பது உண்மை. ஆனால் 1992க்குப் பின் ஒவ்வொரு பத்தாண்டிலும் இந்தத் தொழிலில் காகிதத்தின் பங்கு கூடிவந்திருக்கிறது. ஒரு நிறுவனத்தில் 25 விழுக்காட்டைத் தொட்டால் மேலும் 26 விழுக்காட்டுக்குப் பொது அழைப்பு விட வேண்டும் என்ற 2011ஆம் ஆண்டின் கையகப்படுத்தல் விதியும், 2015ஆம் ஆண்டின் உள்வட்ட வர்த்தகத் தடை விதியும் யாருடைய மகன் என்று கேட்பதில்லை. விதியில் பிழையில்லாமல் மூன்று டீலை முடித்துக்கொடுத்தவரை நான்காவதுக்கு முதலாளியே தேடி அழைப்பார். ஆகவே வளாகத் தேர்வில் பெயர் வராதவர்கள் மனம் தளர வேண்டாம். செபியின் இணையதளத்தில் நிறுவனங்களின் வரைவு ஆவணங்கள் எவரும் படிக்கக் கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து, இடர்கள் பற்றிய பகுதியிலிருந்து வழக்குகள் பற்றிய பகுதி வரை முழுதாகப் படித்துப் பாருங்கள்.