கொதிநீர்க் குழாய்

கொதிநீர்க் குழாய் என்பது சமையலறைச் சிங்க்கில் பொருத்தப்பட்டு, திறந்தவுடன் கொதிக்கும் தண்ணீரைத் தரும் குழாய். வீட்டு உபயோகத்துக்கான இதன் பிறப்பிடம் நெதர்லாந்து. பிரிட்டனில் சமையலறையைப் புதுப்பிக்கும் குடும்பங்கள் பல, இதை வாங்குவதா, இருக்கிற மின்கெட்டிலே போதுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கின்றன. நேரம் மிச்சமாகும் என்பதில் சந்தேகம் இல்லை. மின்சாரம் மிச்சமாகும் என்ற விளம்பர வாக்குறுதிதான் எல்லா வீட்டுக்கும் பொருந்துவதில்லை.

இதை உருவாக்கியவர் யூனிலீவர் நிறுவனத்தில் வேலைபார்த்த டச்சுக்காரர் ஹென்றி பெட்டெரி. 1970-இல் உடனடி சூப் பற்றி அங்கு பேச்சு நடந்தபோது, தண்ணீர் கொதிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தால் அதை உடனடி சூப் என்று எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தோன்றியது. வேலையை விட்டுவிட்டு வீட்டு நிலவறையில் கொதிநீர்த் தொட்டி செய்து பார்க்கத் தொடங்கினார். பல ஆண்டுகள் பணமும் உழைப்பும் அதில் கரைந்தன. பின்னர் மகன்கள் நீல்ஸும் வால்டரும் சேர்ந்து அதைக் குவூக்கர் என்ற நிறுவனமாக வளர்த்தார்கள். ராட்டர்டாமை அடுத்த ரிடர்கெர்க்கில் அது இயங்குகிறது. ஆஸ்திரேலியாவின் ஜிப் போன்ற வேறு நிறுவனங்களும் இத்துறையில் உண்டு.

வெளியே தெரிவது குழாய் மட்டும்தான். வேலை நடப்பது சிங்க்குக்கு அடியில் இருக்கும் தொட்டியில். குவூக்கரின் 3 லிட்டர் தொட்டி, வெற்றிடச் சுவரால் வெப்பம் காக்கும் ஃபிளாஸ்க் வகையைச் சேர்ந்தது. உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 108 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தும் ஆவியாகாது. குழாயைத் திறந்ததும் அழுத்தம் நீங்க, தண்ணீர் 100 டிகிரிக்கு இறங்கி ஆவியோடு குமிழியிட்டு வருகிறது. மலிவான வகைகள் பலவற்றில் அழுத்தம் இல்லை. அவற்றில் வருவது 98 டிகிரி அல்லது அதற்குக் கீழான நீர். கறுப்புத் தேநீர் குடிப்பவர்கள் விலையைப் பார்க்கும் முன் இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது.

இனி மின்சாரக் கணக்கு. 15 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறத்தாழ 0.1 யூனிட் போதும். கெட்டிலின் இழப்பையும் சேர்த்தால் 0.11 என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல வெப்பக்காப்புள்ள தொட்டி, யாரும் திறக்காமல் இருக்கும்போதும், சூட்டைக் காக்க 10 வாட் எடுக்கிறது. நாள் முழுக்க அது 0.24 யூனிட். கெட்டிலில் இரண்டு லிட்டருக்கு மேல் கொதிக்க வைத்துவிடக்கூடிய மின்சாரம், ஒரு கோப்பைகூடப் பிடிக்காமலே செலவாகிறது. ஆண்டுக் கணக்கில் 88 யூனிட் வரும்.

இருவர் மட்டும் வாழும் வீட்டில் தினமும் ஒரு லிட்டர் தேவை என்று கொள்வோம். கெட்டிலில் தேவைக்கு இரு மடங்கு ஊற்றினாலும் செலவு 0.22 யூனிட்தான். குழாய்க்கோ 0.34 ஆகும். ஆறு லிட்டர் தேவைப்படும் பெரிய குடும்பத்தில் நிலைமை மாறுகிறது. பாதிக்குப் பாதி அதிகமாக ஊற்றும் பழக்கம் இருந்தால் கெட்டில் 0.99 யூனிட் எடுக்கும், குழாய் 0.84-இல் முடித்துவிடும். அந்தப் பழக்கம் உள்ள வீட்டில் இரண்டும் சமமாகும் இடம் நாளொன்றுக்கு நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. கோப்பையால் அளந்து ஊற்றுபவருக்குக் குழாயால் மின்சாரம் மிச்சமாக அநேகமாக வழியே இல்லை. ஆதாயமான வீட்டிலும் அது நாளுக்குச் சில பென்ஸ்தான். சில நூறு பவுண்டில் தொடங்கி ஆயிரம் பவுண்டைத் தாண்டும் விலையை அது ஈடுகட்டாது. ஆகவே இதை வசதிக்காக வாங்கலாம். சிக்கனத்துக்காக வாங்குவது தவறான கணக்கு.

கெட்டிலின் வேகத்தையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். பிரிட்டனில் 3 கிலோவாட் கெட்டில் ஒரு லிட்டரை இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் கொதிக்க வைக்கிறது. அந்நாட்டு மின்கட்டமைப்பே கெட்டிலுக்குப் பணிந்த நாட்கள் உண்டு. 1990 ஜூலை 4 அன்று உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் தோற்றதும், தேநீர் போட எழுந்தவர்களால் மின்தேவை சட்டென 2,800 மெகாவாட் கூடியது. 1,600 வாட் அளவில் இயங்கும் தொட்டி, எடுத்த நீரை நிதானமாகத் திரும்பச் சூடாக்குவதால் அப்படி ஒரே கணத்தில் சுமையேற்றுவதில்லை. ஆனால் மூன்று லிட்டரும் தீர்ந்தால் மீண்டும் சூடாக ஏறத்தாழ 12 நிமிடம் ஆகும். பெரிய பானையில் பாஸ்தா வேகவைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் முதலில் எழ வேண்டிய கேள்வி பாதுகாப்பு. 60 டிகிரி தண்ணீரே சில நொடிகளில் தோலை ஆழமாக வேகவைத்துவிடும். எனவே நல்ல குழாய்களில் கைப்பிடியை அழுத்தித் திருப்பினால்தான் நீர் வரும். நீரும் தடித்த தாரையாக வராமல் துளித்துளியாகத் தூவி வருகிறது. கெட்டிலும் ஆபத்தில்லாதது அல்ல. தொங்கும் வயரைக் குழந்தை இழுத்தால் ஒன்றரை லிட்டர் கொதிநீர் அதன் மேல் கவிழும். மணிக்கட்டு வலுவிழந்த முதியவர்களுக்கும், சக்கர நாற்காலியில் இருந்தபடி சமைப்பவர்களுக்கும், நிறைந்த கெட்டிலைத் தூக்காமல் இருப்பதே பெரிய நிம்மதி. இவர்களுக்காக வாங்கப்படும் குழாயைப் பணத்தால் மட்டும் எடைபோடக் கூடாது.

தண்ணீரின் தன்மையும் முடிவை மாற்றும். லண்டனிலும் தென்கிழக்கு இங்கிலாந்திலும் சுண்ணப்பாறை வழியே வரும் நீர் கடினமானது. சூடாக்கினால் சுண்ணாம்பு படியும். கெட்டிலில் படிந்ததை வினிகர் ஊற்றிக் கரைத்துவிடலாம். தொட்டியைக் காக்க வடிகட்டியும் அவ்வப்போது கார்ட்ரிட்ஜ் மாற்றமும் தேவை. வாங்கும் விலையில் இச்செலவு தெரிவதில்லை. ஸ்காட்லாந்தின் பெரும்பகுதியில் நீர் மென்மையானது என்பதால் அங்கு இத்தொல்லை குறைவு.

லண்டன் தமிழ் வீடுகள் பலவற்றில் தேயிலை பாலோடு சேர்ந்து அடுப்பில் கொதிக்கிறது. அந்தத் தேநீருக்கு இந்தக் குழாயால் மிச்சமாவது கொஞ்சமே. இடியாப்பத்துக்கு மாவு குழைக்கவும், அரிசி உலையைச் சீக்கிரம் கொதிக்க வைக்கவும் நன்றாக உதவும்.

பொருத்துவதற்குச் சிங்க்குக்கு அடியில் தொட்டிக்கு இடமும், பிளக் பாயிண்டும், குளிர்நீர் இணைப்பும் வேண்டும். அழுத்தத் தொட்டியானால், சூடாகும்போது விரியும் நீரை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வும் அதற்கான வடிகால் இணைப்பும் கட்டாயம். இந்த வேலையைத் தேர்ந்த பிளம்பரிடம் விடுவதே சரி. வாடகை வீட்டில் குழாய்க்காகக் கவுண்டரில் துளை போட உரிமையாளரின் அனுமதி வேண்டும், வீடு மாறும்போது அத்துளையை அடைத்துக் கொடுக்கவும் நேரலாம்.