உளிச் சத்தம் கேட்கும் கடற்கரை

பிள்ளைப்பாக்கம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஒருநாள் சுற்றுலாவில் கடலையும் கைத்தொழிலையும் சேர்த்துப் பார்க்க ஏற்ற ஊர் மாமல்லபுரம். ஒரகடம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியே பேருந்து போகும்.

7, 8ஆம் நூற்றாண்டுகளில் பல்லவர் இங்கே செதுக்கியவற்றில் பல அரைகுறையாகவே நிற்கின்றன. மாணவர்க்கு அவையே நல்ல பாடம். பாறையில் கட்டம் கட்டமாகப் பள்ளம் வெட்டி, நடுவே புடைத்து நிற்கும் கல்லைத் தட்டி எடுத்த முறை அவற்றில் அப்படியே தெரிகிறது. முடிந்த கோயில் தன் வேலையை மறைத்துவிடும்.

இன்று தெருவெங்கும் கேட்கும் உளிச் சத்தம் பல்லவர் காலத்திலிருந்து அறுபடாமல் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், 1957இல் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சிப் பள்ளிதான் அதற்கு வித்து. அதைப் பல ஆண்டுகள் நடத்திய வை. கணபதி ஸ்தபதியே கன்னியாகுமரியின் 133 அடி திருவள்ளுவர் சிலையை வடித்தவர். அது 2000இல் திறக்கப்பட்டது. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

வடக்கே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் தென்னிந்தியப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். அங்கே மாணவர்கள் களிமண்ணைத் தாங்களே பிசைந்து சக்கரத்தில் வனைந்து பார்க்கலாம்.