ரொமாண்டிக் காலச் சேர்ந்திசையில் காலப்பிரமாணம்

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் சேர்ந்திசைப் படைப்பு ஒன்றை எந்த வேகத்தில் பாடுவது என்பதற்கு இசைப்பிரதி பாதி விடையே தருகிறது. பாடுவோரின் தொகை, அவர்களின் மூச்சு, மண்டபத்தின் எதிரொலி ஆகியவை மீதியைத் தீர்மானிக்கின்றன.

மெல்சல் 1815இல் தட்டுகளை அளந்து ஒலிக்கும் மெட்ரோனோம் கருவிக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று எண்ணால் குறிக்கும் வழக்கம் பரவியது. ஆனால் எண்ணை நம்பாதவர்களும் இருந்தனர். இசை நடத்துவது பற்றி 1869இல் எழுதிய இசையமைப்பாளர் வாக்னர், இசையமைப்பாளரும் நடத்துநருமான மெண்டல்சோனின் விரைவான நடையைச் சாடினார். மெட்டின் இயல்பே வேகத்தை உணர்த்த வேண்டும், ஒரே படைப்புக்குள்ளும் அது நெகிழலாம் என்பது அவர் வாதம். சாடலில் காழ்ப்பும் கலந்திருந்தது. எனினும் அடுத்த தலைமுறை நடத்துநர்கள் பலர் அவர் வழியிலேயே சென்றனர்.

மண்டபத்தின் எதிரொலிக்கு ஒரு சான்று: லின்ஸ் நகரத் தேவாலயத்துக்காக 1869இல் புரூக்னர் இயற்றிய 'லோகுஸ் இஸ்தே' பாடலில், இறுதி அடிக்கு முன் எல்லாக் குரல்களும் ஒருசேர நிற்கின்றன. கல் சுவர்களில் ஒலி அடங்குவதற்கான இடம் அது. எதிரொலி குறைந்த அரங்கில் அதே நிறுத்தம் நீண்டுவிட்டதாகத் தோன்றும்.

வேகத்தைத் தீர்மானிக்கும் சிக்கல் மிகத் தெளிவாகத் தெரிவது பிராம்ஸின் 'ஜெர்மன் ரெக்வியம்' படைப்பில். 1868இல் பிரேமன் பேராலயத்தில் ஆறு பகுதிகளாகவும், 1869இல் லைப்சிக்கில் ஏழு பகுதிகளாகவும் அது அரங்கேறியது. முதல் பகுதிக்கு 80, இரண்டாம் பகுதிக்கு 60 என அச்சான மெட்ரோனோம் எண்களைப் பிராம்ஸே பின்னர் நீக்கச் சொன்னார். இரண்டாம் பகுதி இறுதி ஊர்வல நடையில் அமைந்தது. ஆனால் தாளமோ மூன்று தட்டு. வேகம் குறையக் குறையச் சோகம் கனக்கும், நடை கெடும். நீண்ட அடியை ஒரே மூச்சில் பாட முடியாமல், குழுவினர் ஆளுக்கொரு இடத்தில் மூச்செடுத்துச் சமாளிக்க நேரும். மூன்றாம் பகுதியின் முடிவில் அடிநாதம் ஒரே சுரத்தில் நிற்க, மேலே குரல்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன. அங்கே விரைந்தால் பேராலயத்தில் சொற்கள் குழம்பும். தயங்கினால் அடிநாதம் சலிப்பூட்டும்.

20ஆம் நூற்றாண்டில் பெருங்குழுக்களோடு மந்தநடையும் வேரூன்றியது. செலிபிடாக்கே நடத்திய ரெக்வியம் 80 நிமிடத்தைத் தாண்டும். மந்தநடைக்குப் பேர்போன கிளெம்பெரரின் 1961 ஒலிப்பதிவோ 70 நிமிடத்தை ஒட்டியே முடிகிறது. பேருக்கும் கடிகாரத்துக்கும் எப்போதும் பொருத்தம் இருப்பதில்லை. நடத்துநர் நாரிங்டன் 1990களில் சிறிய குழுவையும் அக்கால வாத்தியங்களையும் கொண்டு, நீக்கப்பட்ட எண்களின் பக்கம் திரும்பினார். அவரது பதிவு ஒரு மணி நேரத்தை ஒட்டி அமைந்தது.